தொழில் மாறும்போது வீடு: ஜவ்வாது மலையில் சீரமைப்புக் கைவேலை

மலையூர் வீடு ஒன்றைச் சீரமைக்கப் போகும் மேஸ்திரி முதலில் விசாரிக்க வேண்டியது அந்த வீட்டாரின் பிழைப்பை. தானியம் எவ்வளவு வருகிறது, மாடு எத்தனை, வெளியூர் வேலைக்கு யார் யார் போகிறார்கள், எந்த மாதம் போய் எந்த மாதம் திரும்புகிறார்கள், பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கிறார்களா விடுதியில் தங்கிப் படிக்கிறார்களா என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதற்குப் பிறகே எந்தச் சுவரை நிறுத்துவது, எதை இடிப்பது என்று பேச முடியும். ஜவ்வாது மலையில் இந்த விசாரணை மிகவும் அவசியம். அங்கே குடும்பங்களின் தொழிலும் வீடும் ஒருசேர மாறிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் ஆசையாகக் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கும். இல்லையென்றால் வீட்டுக்காக வாங்கிய கடன் அந்தக் குடும்பம் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதிக்குத் தலைமையிடம் ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்து மலைப்பாதையில் அது ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை இருக்கின்றன. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசும் இந்த மக்களுக்கும் கேரளத்தாருக்கும் தொடர்பில்லை. மானாவாரிச் சாமைதான் மலையின் முதன்மைப் பயிர். கேழ்வரகு, தினை, கொள்ளு, நீர் நிற்கும் பள்ளங்களில் நெல், காட்டோரத்தில் புளி, கடுக்காய், நெல்லி, தேன், தோட்டத்தில் பலா, சீதா என்று குடும்பத்தின் வரவு பல வழிகளில் வந்தது. அந்த வரவுக்கு ஏற்றபடிதான் பழைய வீடும் அமைந்திருந்தது.

பழைய வீட்டின் உறுப்புகள்

பழைய மலை வீடு நீள்சதுரமான ஒரே அறை. முன்னால் திண்ணையும் தாழ்வாரமும் இருக்கும். கம்பு நட்டு, இடையில் மூங்கில் பிளாச்சுகளை வரிச்சாகக் கட்டி, இருபுறமும் செம்மண் அப்பி சுவர் எழுப்புவார்கள். மேலே மலைச்சரிவில் அறுத்த நீளமான புல்லை வேய்வார்கள். தரை சாணம் மெழுகியது. உள்ளே ஒரு மூலையில் அடுப்பு, அதற்கு மேலே பரண். மூங்கிலால் பின்னி மண்ணும் சாணமும் பூசி, கல்மேல் தூக்கி வைத்த குதிர் தானியத்தைக் காக்கும்.

ஒவ்வோர் உறுப்புக்கும் உழவில் ஒரு வேலை உண்டு. அடுப்புப் புகை பரணில் தொங்கும் விதைக் கதிரையும் கூரை மூங்கிலையும் வண்டிலிருந்து காக்கும். தாழ்வாரத்தில் ஏர்க் கலப்பையும் கூடையும் இருக்கும். களத்தில் மிதித்துத் தூற்றிய சாமையை உமி நீக்காமல் குதிரில் கொட்டினால் ஆண்டுக் கணக்கில் கெடாது. உமி நீக்கிய அரிசியோ தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும். அதனால் வேண்டியபோது வேண்டிய அளவு உரலில் போட்டுக் குத்திக்கொள்வது வழக்கம். உரலுக்கும் உலக்கை ஓங்கும் உயரத்துக்கும் இடம் தேவைப்பட்டதால் தாழ்வாரத்தின் ஒரு பக்கம் உயர்த்தி வேயப்பட்டது.

கட்டுமானத்துக்குக் கூலி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஊரே வந்து வேலை செய்யும், அடுத்த ஆண்டு அந்த வீட்டார் வேறொரு வீட்டுக்குப் போய் அந்த உழைப்பைத் திருப்பித் தருவார்கள். புல் சில ஆண்டுகளில் மட்கும், மறுபடியும் வேய்வார்கள். மண் கரையும், மறுபடியும் பூசுவார்கள். அந்த வீடு நிலைத்து நிற்க எப்போதும் ஊரில் ஆட்கள் இருக்க வேண்டும்.

வேலை எப்படி மாறியது

ஊரில் ஆட்கள் இருக்கும் நிலைதான் முதலில் மாறியது. சாமை அறுவடை முடிந்ததும் கர்நாடகத்தின் குடகு, சிக்கமகளூர்ப் பக்கக் காப்பித் தோட்டங்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் பறிப்பு வேலைக்குப் போகிறார்கள். இளைஞர்கள் திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கும் பெங்களூருக் கட்டட வேலைக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். காட்டுச் சட்டங்கள் மரமும் மூங்கிலும் வெட்டுவதைக் கட்டுப்படுத்தின. புல் அறுத்து வேயத் தெரிந்தவர்களும் குறைந்தார்கள். மட்கிய புல்லின்மேல் தார்ப்பாயை விரித்துக் கல்லை வைத்துக் காலம் தள்ளும் வீடுகளை எந்த மலையூரிலும் பார்க்கலாம்.

வெளியூர் வேலையின் இருண்ட பக்கமும் இந்த மலைக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அம்மாநிலக் காவல்துறை சுட்டதில் 20 தமிழகத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தெரியாத வேலைக்குப் போவது எத்தனை ஆபத்தானது என்பதை மலை அன்று மிகக் கொடிய முறையில் அறிந்தது. வீட்டுக்கான செலவைத் திட்டமிடும்போது கடனைத் தாங்கும் அளவுக்குள் நிறுத்துவது அந்தக் குடும்பத்தின் உயிரைக் காக்கும் காரியம் என்றே கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் நினைக்க வேண்டும்.

மலையிலேயே கிடைக்கும் புதிய வேலைகளும் உண்டு. ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் சாமையை உமி நீக்கிச் சந்தைக்கு அனுப்புகிறது. தேனும் புளியும் அதன் வழியே விற்கப்படுகின்றன. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கே உருவான அத்தியந்தல் 1 என்ற சாமை ரகம் 2019-இல் வெளியிடப்பட்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த 100 நாள் வேலை, பள்ளி, அங்கன்வாடி, சுகாதாரத் துறை வேலைகள், ஏரியையும் அருவியையும் பார்க்க வருபவர்களை நம்பிய கடைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. படிப்பு வழியாகவும் கதவு திறந்திருக்கிறது. ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற பழங்குடிப் பெண் 2024-இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றது தமிழகம் முழுவதும் பேசப்பட்டது.

இந்த வேலைகள் ஒவ்வொன்றும் வீட்டிடம் வேறு வேறு கேட்கின்றன. பறிப்பு வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தாலும் கரையான் ஏறாத, மழை இறங்காத வீடு வேண்டும். ஆலை வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் படி குறைவாகவும் கழிப்பறை பக்கத்திலும் இருக்க வேண்டும். வீட்டிலேயே தேன், புளி, சாமை வைத்து விற்பவர்களுக்கு ஈரம் ஏறாத, எலி புகாத ஓர் அறை போதும், கூடம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. அரசு வேலை கிடைத்து ஜமுனாமரத்தூரிலோ போளூரிலோ வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சொந்த ஊர் வீடு பெற்றோர் வீடாகவும் திருவிழா வீடாகவும் மாறுகிறது. இந்த வேறுபாட்டைக் கேட்டறியாமல் எல்லோருக்கும் ஒரே வரைபடத்தை விரிப்பது கைவேலைக்கு அழகில்லை.

மாதக் கணக்கு

மலையில் கட்டட வேலைக்குத் தோதான காலம் தை முதல் வைகாசி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்காது. மார்கழியிலும் ஆடியிலும் நிலை வைப்பதோ பால் காய்ச்சுவதோ வழக்கமில்லை. ஆனால் வருமானம் தரும் வேலைகளும் இந்த மாதங்களை ஒட்டியே வருகின்றன. காப்பிப் பறிப்பு மார்கழியிலும் தையிலும் உச்சத்தில் இருக்கும், மாசி வரை நீளும். மாசி, பங்குனியில் புளி உலுக்க வேண்டும். ஆனி, ஆடியில் சாமை விதைப்பு வந்துவிடும். பணம் சம்பாதிக்கும் மாதமும் வீடு கட்டும் மாதமும் ஒன்றாக இருப்பதுதான் மலைக் குடும்பங்களின் பெரிய சிக்கல்.

இதற்கு ஒரே ஆண்டில் முடிக்க நினைக்காமல் வேலையைப் பிரித்துக்கொள்வதே வழி. முதல் ஆண்டு தை, மாசியில் கடைக்காலும் பேஸ்மட்டமும் முடிந்தால் ஒரு மழைக்காலம் அதன்மேல் இறங்கி மண் நன்றாகப் படிந்துவிடும். பிறகு சுவரில் விரிசல் குறையும். அடுத்த ஆண்டு சுவரும் தளமும். பூச்சும் தரையும் அதற்கடுத்து வரும் ஓய்வு நாட்களில். நடுவில் வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் பணம் செலவுக்கு ஈடு கொடுக்கும், கந்துவட்டி தேவைப்படாது. வீடு தாமதமாகத்தான் முடியும். கடனில்லாமல் முடிவது அந்தத் தாமதத்துக்குத் தகும்.

கான்கிரீட் தளம் போடும் மாதத்தைத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 300 சதுர அடித் தளத்தின்மேல் பாத்தி கட்டி ஓர் அங்குலம் நீர் தேக்க ஏறக்குறைய 700 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தில் அது 45 நடைக்கு மேல். வெயிலில் வற்றுவதை நாள்தோறும் ஈடு செய்ய வேண்டும். சித்திரையில் சுனை வற்றி, குடிக்கவே வரிசையில் நிற்கும் ஊரில் தளம் போட்டால் இந்தக் குடங்களைச் சுமப்பது வீட்டுப் பெண்கள்தான். தண்ணீர் குறைந்தால் தளம் பலம் பிடிக்காது, மெல்லிய விரிசல் விடும், அடுத்த மழையில் ஒழுகும். கிணற்றில் நீர் நிற்கும் தையிலோ மாசியிலோ தளத்தை முடித்துவிட்டால் பூச்சு வேலையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஏழு நாளாவது விடாமல் நனைக்க வேண்டும், பத்துப் பதினான்கு நாள் நனைத்தால் இன்னும் நல்லது. அதுவரை சென்ட்ரிங் முட்டுகளில் கை வைக்கக் கூடாது.

தண்ணீரின் வழி

பழைய வீட்டைச் சீரமைக்கும் வரிசை இது: தண்ணீர், கூரை, சுவர், தரை. பெரும்பாலான வீட்டார் தரையிலிருந்து தொடங்க விரும்புவார்கள், டைல்ஸ் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதால். சுவரின் அடி ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கும்போது போடும் தரை இரண்டு மழைக்குள் எழும்பிவிடும்.

மலைச் சரிவில் இருக்கும் வீட்டுக்கு ஆபத்து மேட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது. மழைநீர் பின்சுவரில் மோதி, அடியில் இறங்கி, முன்பக்கம் தரையில் ஊறி வெளிவரும். மேட்டுப் பக்கச் சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, சரிவோடு ஒரு வாய்க்கால் வெட்டி, கல் பரப்பி, நீரை வீட்டைச் சுற்றித் தோட்டத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு மண்வெட்டியும் இரண்டு நாள் உழைப்பும்தான். வீட்டின் ஆயுளைக் கூட்டும் வேலைகளில் இதற்கு இணையானது வேறில்லை.

அடுத்தது சுவரின் கால். மண்சுவர் எப்போதும் அடியில்தான் நோய் கொள்ளும். இறவாரத்திலிருந்து விழும் மழைத்துளி தரையில் பட்டுத் தெறித்து, சுவரின் கீழ் ஒன்றரை அடியை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே கெட்டியாக நிற்கும் சுவர் கீழே உள்வாங்கிப் போயிருக்கும். விரலால் தட்டினால் மண் பொலபொலவென்று உதிரும். அதைச் சரிசெய்யும் விதம் இது: முதலில் கூரையின் பாரத்தைச் சுவர் தாங்காமல் இருக்க உள்ளே மரக்கட்டைகளால் முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு இரண்டு அடியாக, ஒன்று விட்டு ஒன்றாக, கெட்ட மண்ணை உறுதியான மண் தட்டுப்படும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் கருங்கல்லை வைத்துச் சுண்ணாம்புக் கலவையில் இறுக்க வேண்டும். மேல்விளிம்பில் பழைய மண்ணுக்கும் புதிய கல்லுக்கும் நடுவே இடைவெளி விடாமல் ஈரமான கெட்டி மண்ணைத் திணித்துக் கட்டையால் இடிக்க வேண்டும். அந்தத் துண்டு காய்ந்த பிறகே பக்கத்துத் துண்டைத் தொட வேண்டும். ஒரே நாளில் முழு நீளத்தையும் சுரண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். இந்தப் பொறுமைதான் நல்ல கையையும் அவசரக் கையையும் பிரிக்கிறது. கல் கால் கட்டி முடித்ததும் இறவாரத்தை இரண்டடிக்குக் குறையாமல் நீட்டிவிட்டால் தெறிப்பு சுவரை எட்டாது.

கூரை

கூரையை மாற்றும்போது நான்கு வழிகள் முன்னால் நிற்கின்றன. புல் வேய்வது குளிர்ச்சியானது. ஆனால் தீப்பிடிக்கும், ஆளும் புல்லும் கிடைப்பதில்லை. ஓடு குளிருக்கும் வெயிலுக்கும் நல்லது. உடைந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பழைய மண்சுவரும் சரியாக இருந்தால் அதைத் தாங்கும். ஆனால் சட்டத்துக்கு நல்ல மரமோ இரும்போ வேண்டும், குரங்குகள் வரும் ஊர்களில் ஓடு நிலைக்காது. தகர ஷீட்டும் சிமென்ட் ஷீட்டும் மலிவு. ஒரே நாளில் போட்டுவிடலாம். பகலில் அனல் இறங்கும், மார்கழி இரவில் குளிர் கொட்டும், மழையில் பேச்சுக் கேட்காது. ஷீட் போடுவதாக இருந்தால் ஆணியோ கொக்கியோ அலையின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் நீர் அந்தத் துளை வழியே வீட்டுக்குள் வரும். காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தால் ஒட்டுகளுக்குள் காற்று புகாது. ஷீட்டுக்குக் கீழே மூங்கில் தட்டியோ பாயோ கட்டினால் வெயிலும் குளிரும் கணிசமாகக் குறையும்.

கான்கிரீட் தளம்தான் இன்றைய ஆசை. அது நியாயமான ஆசை. தீக்கும் காற்றுக்கும் பயமில்லை, பூட்டிவிட்டுப் போகலாம், ஊரில் மரியாதை. ஆனால் பழைய மண்சுவர்மேல் தளம் போடச் சொல்லி யார் கேட்டாலும் மேஸ்திரி மறுத்துவிட வேண்டும். நாலரை அங்குலக் கனத்தில் 300 சதுர அடித் தளம் ஏறக்குறைய 8 டன் எடை. வரிச்சுச் சுவருக்கு அதைத் தாங்கும் வலு கிடையாது. தளம் வேண்டுமானால் புதிய கடைக்கால், செங்கல் அல்லது பிளாக் சுவர், லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் ஓடும் கம்பிப் பட்டை எல்லாம் வேண்டும். அப்போது பழைய வீட்டை இடிக்காமல் பக்கத்தில் புதிதாகக் கட்டி, பழையதைத் தானியத்துக்கும் அடுப்புக்கும் வைத்துக்கொள்வது பல குடும்பங்களுக்குப் பொருந்துகிறது. வீடு முடியும்வரை தங்கவும் இடம் இருக்கும்.

சுவரும் பூச்சும்

மண்சுவரில் சிமென்ட் பூசுவது மலையில் எங்கும் நடக்கிறது. முதல் ஆண்டு பளபளக்கும். மண்சுவர் காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் ஈரத்தை வாங்கி மெல்ல வெளிவிடும். சிமென்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெயிலில் இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். கோழி வலை அடித்துப் பூசினாலும் சில ஆண்டுகளில் பூச்சு பின்னால் இருக்கும் மண்ணிலிருந்து பிரிந்து நிற்கும். தட்டினால் வெற்றொலி கேட்கும். கழன்று விழும்போது சுவரின் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு விழும்.

மண்சுவருக்கு மண்ணோ சுண்ணாம்போதான் உறவு. மண் பூச்சுக்கு அந்த இடத்து மண்ணைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். பாதி மண், மீதி நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் படியும், அதன்மேல் வண்டல், மறுநாள் களி. களி அதிகமாக இருந்தால் பூச்சு காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். களி குறைந்தால் ஒட்டாது, வேறு மண் தேட வேண்டும். சலித்த மண்ணோடு பொடியாக நறுக்கிய வைக்கோலும் சாணமும் கலந்து, நீர் ஊற்றி மிதித்து, சில நாள் மூடிப் புளிக்க வைத்தால் பசை கூடும். சுவரை நனைத்த பிறகே முதல் பூச்சு. அது முழுவதும் காய்ந்து வெடித்த பிறகு, அந்த வெடிப்புகளை நிரப்பும் மெல்லிய இரண்டாவது பூச்சு.

மழை படும் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு ஏற்றது. இந்த மலையில் பொறுக்கி விற்கும் கடுக்காய்க்கு இங்கே ஒரு பயன் உண்டு. இடித்த கடுக்காயை வெல்லத்தோடு ஊற வைத்த நீரில் சுண்ணாம்புக் கலவையைக் குழைப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய முறை. கலவை மெல்ல இறுகும், விரிசல் குறையும், நீரைத் தாங்கும். மூட்டை மூட்டையாகக் கடுக்காயை மலையிறக்கிவிட்டு, சிமென்டை மலையேற்றிப் பூசும் வீட்டார் தங்கள் கையிலிருக்கும் பொருளின் அருமையை அறிய வேண்டும். புதிய சுவர் எழுப்புகிறவர்கள் மண்ணில் சிறிதளவு சிமென்ட் கலந்து எந்திரத்தில் அழுத்திய கற்களையும் எண்ணிப் பார்க்கலாம். ஆரோவில் மண் கட்டடக் கழகம் இந்தக் கற்களில் பல ஆண்டுகளாகக் கட்டிக் காட்டியிருக்கிறது. செங்கல் லாரி ஏறாத ஊருக்கு இது மிகவும் உதவும்.

அடுப்பு, குதிர், கழிப்பறை

புதிய வீட்டுக்கு வந்ததும் முதலில் இடம் இழப்பவை அடுப்பும் குதிரும். எரிவாயு உருளை வந்த பிறகும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் களி கிண்டவும் விறகடுப்பு வேண்டியிருக்கிறது. அதற்கு இடம் விடாமல் கட்டினால் தளத்துக்கடியில் மூடிய அறையில் புகை சூழும், பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் அது கெடுக்கும். புல்கூரை புகையை வெளியே விட்டது, கான்கிரீட் விடாது. ஆகையால் விறகடுப்புக்குத் தனியாக, சாய்ந்த கூரையும் புகைபோக்கியும் உள்ள சிறு இடம் வீட்டை ஒட்டி இருக்க வேண்டும். விதைக் கதிரை அந்த இடத்துப் பரணில் தொங்கவிட்டால் பழைய காப்பும் கிடைக்கும்.

குதிரைப் பொறுத்தவரை, சாமை விதைப்பதை விடாத எந்தக் குடும்பமும் அதை விடக் கூடாது. அறுவடை நாளில் விலை தாழ்ந்திருக்கும். வைத்திருந்து விற்க முடிந்தவர்களுக்கே நல்ல விலை. சாக்கில் கட்டி டைல்ஸ் தரையில் வைத்தால் அடியில் ஈரம் கோக்கும், எலியும் வரும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல்லின்மேல் பலகை, பலகையின்மேல் குதிரோ தகரப் பீப்பாயோ இருந்தால் தானியம் கெடாது. பறிப்பு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வீட்டில் தானியம் இருப்பதுதான் அந்தக் குடும்பத்தின் முதல் காப்பீடு.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறை மலைக்குப் பொருந்துகிறது. ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றொன்றுக்குத் திருப்பினால், முதலாவது ஓரிரு ஆண்டில் மட்கி எருவாகும். குழிகள் கிணற்றுக்கும் சுனைக்கும் கீழ்ச்சரிவில், போதிய தொலைவில் இருக்க வேண்டும். மேட்டில் தோண்டிய குழி ஊர்க் கிணற்றைக் கெடுத்துவிடும்.

அரசுத் திட்டமும் குடும்பத்தின் வரைபடமும்

மலையில் பழைய தொகுப்பு வீடுகள் ஏராளம். அவற்றில் பல 1985-இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் யோஜனாவின் வழியே வந்தவை. அதன் தொடர்ச்சியாக 2016-இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் 25 சதுர மீட்டருக்குக் குறையாத வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம் ரூபாயும், மலை மாநிலங்களிலும் கடினப் பகுதிகளிலும் 1.30 லட்சமும் வகுத்தது. கான்கிரீட் கூரைக்காகத் தமிழ்நாடு அரசு கூடுதல் தொகை சேர்த்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் தொகை 3.50 லட்சம், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்கு வேறு வகைக் கூரை. இந்த 60 சதுர அடிதான் மலைக் குடும்பத்துக்குப் பொன் போன்றது. விறகடுப்பும் பரணும் குதிரும் அங்கே அமையலாம். வரைபடம் போடும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

திட்டத் தொகை கட்டம் கட்டமாக வருகிறது. கடைக்கால், லிண்டல், தளம், முடிவு என்று ஒவ்வொன்றும் முடிந்து பதிவான பிறகே அடுத்த தவணை. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். முதல் தவணைக்கு முன் பேஸ்மட்டத்தைப் பெரிதாக இழுத்துவிட்டு, பிறகு தளத்துக்குப் பணமில்லாமல் நின்ற வீடுகள் பல. திட்ட அளவைத் தாண்டி ஓர் அறை வேண்டுமென்றால் அதைப் பின்னால் சேர்க்க வசதியாகச் சுவரில் ஒரு வாசல் அளவை விட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நிலத்தின் பத்திரம். பட்டா இல்லாத இடத்தில் திட்ட வீடு கிடைப்பது கடினம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தைக் கைக்கொண்டு வாழும் பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. அந்த உரிமை ஆவணத்தைப் பெறும் வேலையைக் கட்டடத்துக்கு முந்தைய கட்டமாகவே எண்ண வேண்டும்.

கட்டும் மாதங்களில் குடும்பம்

ஆண்கள் வெளியூரில் இருக்கும்போது வேலையைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்களும் பெரியவர்களும்தான். மூட்டை எண்ணுவது, சித்தாளுக்குக் கூலி கொடுப்பது, நீர் ஊற்றுவது எல்லாம் அவர்கள் கையில். ஆனால் மேஸ்திரிகள் பலர் முடிவு கேட்க வெளியூரில் இருக்கும் ஆணுக்கே போன் செய்கிறார்கள். அடுப்பு எங்கே வர வேண்டும், கழுவுமிடம் எந்தப் பக்கம் சாய வேண்டும், குதிருக்கு வாசல் எவ்வளவு அகலம் என்பவற்றை அன்றாடம் அங்கே புழங்குகிறவரிடம் கேட்டால்தான் வீடு ஒத்துவரும். சுண்ணாம்புக் கோட்டைத் தரையில் போட்டு, வீட்டு அம்மாவை அதற்குள் நடக்கச் சொல்லி, அடுப்படியிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து தொழுவத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்வது நல்ல பழக்கம். காகிதத்தில் தெரியாத குறை அந்த நடையில் தெரிந்துவிடும். கணக்குப் புத்தகமும் அவரிடமே இருக்க வேண்டும். வந்த மூட்டை, கொடுத்த கூலி, மீதி என்று மூன்று வரி எழுதி அன்றன்று இரு தரப்பும் பார்த்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

வண்டி போகாத குக்கிராமத்துக்குப் பொருள் ஏற்றும் செலவும் இந்தக் கணக்கில் சேரும். சாலையோரம் கொட்டிய மணலும் ஜல்லியும் தலைச்சுமையாக வீடு சேர்வதற்குள் அவற்றின் விலை உயர்ந்துவிடுகிறது. கல்லும் மண்ணும் சரிவிலேயே கிடைப்பதால், கீழ்ப்பகுதியைக் கல்லில் உயர்த்தி, சிமென்டைத் தளத்துக்கும் பட்டைக்கும் மட்டும் ஒதுக்குவது இந்தச் செலவைக் குறைக்கும் நேரான வழி.

பராமரிப்பு

சீரமைத்த வீட்டை ஒப்படைக்கும்போது மேஸ்திரி ஆண்டு வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். விதைப்புக்கு முன், வைகாசியில், மேட்டு வாய்க்காலில் சேர்ந்த சருகையும் மண்ணையும் அள்ள வேண்டும். கூரையின் ஓடுகளையும் கொக்கிகளையும் பார்த்து, தளத்தின் மழைநீர்க் குழாய் அடைக்காமல் சுத்தம் செய்ய வேண்டும். அறுவடைக்குப் பின், குதிரில் தானியம் கொட்டுவதற்கு முன், அதன் மண்பூச்சையும் எலிவளையையும் சரிபார்க்க வேண்டும். பொங்கலுக்கு முன் சுவரின் காலைத் தட்டிப் பார்த்து, உதிர்ந்த இடத்தில் உடனே பூச வேண்டும், வெளிச்சுவருக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பறிப்பு வேலைக்குக் கிளம்பும் குடும்பம் வீட்டைப் பூட்டும்போது காற்றுப் போக்கிகளைத் திறந்து வைத்து, சுவரைத் தொடும் விறகையும் தட்டையையும் அகற்றிவிட வேண்டும், கரையான் அவற்றின் வழியேதான் ஏறும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, மழைக்குப் பின் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லிவிட்டால் ஒழுகலைச் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். குடும்பத்தின் வேலை மறுபடி மாறும்போது, மேஸ்திரி மறுபடி அதே கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும்.